வர்றோம் தாயி

இது கதை இல்லைங்க, நடந்தது. நம்புனா நம்புங்க, நம்பாட்டி உங்க இஷ்டம். உங்ககிட்ட சத்தியம் பண்ணிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. ஆனா ஒண்ணு. பேய்க் கதைன்னா நடுச்சாமம், சுடுகாடு, வெள்ளைச் சேலைன்னு எதிர்பாத்து வந்திருந்தீங்கன்னா இப்பவே மூடி வச்சிருங்க. இது நடந்தது பகல்ல. கூத்தாநல்லூர் கடைத்தெருவுல. சாயங்கால அசர் தொழுகை முடிஞ்சு டீக்கடையில ஆளுங்க நிக்கிற நேரத்துல.

நடந்தது ஃபாஜிலுக்கு. என் சாச்சி மகன், சின்னம்மா புள்ளை. பொய் சொல்லத் தெரியாத ஆளு, அதனாலயே வியாபாரம் உருப்படல. தொண்ணூறுகளோட நடுவுல அவன் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை வச்சிருந்தான். ஊர்ல பாதி வீட்டு ஆம்பளைங்க குவைத்து, சவுதி, சிங்கப்பூர்னு பறந்துட்ட காலம். இவனுக்கும் விசா வந்தாச்சு, கெளம்ப வேண்டியதுதான் பாக்கி. அவனுக்குக் காது ரொம்பக் கூர்மை. டேப்பு எந்த எடத்துல நைஞ்சிருக்கு, எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு கேட்ட மாத்திரத்துல சொல்லிடுவான். அந்தக் காது மட்டும் கொஞ்சம் மந்தமா இருந்திருந்தா இன்னிக்கு நிம்மதியா தூங்கிக்கிட்டிருப்பான்.

அவன் கடையில அதிகமா ஓடுனது சினிமாப் பாட்டு இல்லைங்க. ‘மதகு காத்த அங்கம்மா’ன்னு ஒரு நாடகக் கேசட். கீழ்வேளூர் பக்கத்து நாடகக் குழு ஒண்ணு ஊர் ஊராப் போட்ட பாட்டு நாடகம் அது. மேடையில நடிச்சவங்களையே தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாட வச்சுக் கேசட்டாப் போட்டாங்க. அங்கம்மாவா நடிச்சது இசைவாணி. அந்தப் பொண்ணு குரலைக் கேட்டா ரோட்ல போறவன் சைக்கிள்ல இருந்து ஒரு காலைக் கீழ ஊனிடுவான்.

கதை சின்னக் கதைதான். ஆத்து மதகைப் பாத்துக்குற நீர்க்கட்டியோட பொண்டாட்டி அங்கம்மா. புருஷன் வெளியூர் போயிருக்கும்போது வெள்ளம் வந்துடுது. மதகுப் பலகை ஆட்டம் கண்டுடுது. பலகை போச்சுன்னா ஊரே போச்சு. இவ முதுகைக் கொடுத்துப் பலகையைத் தாங்கிக்கிட்டு ஊரைப் பாத்துக் கத்துறா. “யாராச்சும் இருக்கீங்களா... வருவீங்களா...” ஊர்க்காரன்லாம் கரையில நின்னு “வர்றோம் தாயி”ங்கிறான். சொல்லிப்புட்டு, யார் முதல்ல எறங்குறதுன்னு அங்கேயே சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறான். அவ நம்பி நிக்கிறா. விடியக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுது.

மேடையில இதுல ஒரு வழக்கம் உண்டு. அந்த “வர்றோம் தாயி”யை நடிகருங்க சொல்ல மாட்டாங்க. நாடகம் பாக்குற ஜனம்தான் சொல்லும். பாய்ல உக்காந்திருக்க பொம்பளைங்க, புள்ளைங்க, பின்னால நிக்கிற ஆம்பளைங்க, அத்தனை பேரும் ஒரே குரலா. அதைக் கேட்டாதான் இசைவாணி அடுத்த பாட்டை எடுப்பா. ஸ்டூடியோவுல, “நம்ம ஆளுங்களை வச்சுப் பதிலைச் சேத்துடலாம்மா”ன்னு சொல்லிப் பாத்திருக்காங்க. அவ முடியாதுன்னுட்டா. “ஜனங்க சொல்ற பதில் அது. அதுக்கு எடம் விட்டு வைங்க”ன்னுட்டா. அதனால கேசட்ல அந்த எடத்துல வெறும் மழைச் சத்தம்தான். மழையும் நெசமில்ல. முறத்துல உளுந்தைப் போட்டு உருட்டிப் பிடிச்ச சத்தம்.

அந்த எடத்தை நிரப்புனவங்க யாரு தெரியுமா? குவைத்ல இருந்த நம்ம ஆளுங்க. வெள்ளிக்கிழமை லீவு நாள்ல ரூம்ல கேசட்டைப் போட்டு, அந்த எடம் வந்ததும் பத்துப் பேரும் டேப் ரெக்கார்டர் மூஞ்சிக்கு நேரா “வர்றோம் தாயி!”ன்னு கத்துவாங்களாம். கத்திட்டுச் சிரிப்பாங்களாம். ஊருக்கு வர லீவு கெடைக்காதவன்தான் அதுல அதிகமாக் கத்துவானாம். இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தது ஃபாஜிலோட மாமா மீரா சாகிப். குவைத்ல இருந்து லீவுல வந்திருந்தாரு. அவரு வந்ததுல இருந்து ஃபாஜில் கடையிலயும் அதே கூத்துதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அது கார்த்திகை மாசம். நாலஞ்சு நாளா விடாத அடைமழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. கடையில மூணு பேரு. ஃபாஜில், மீரா சாகிப், அப்புறம் செல்லதுரை. செல்லதுரை இசைவாணியோட கூடப் பொறந்த அண்ணன். வேளாங்கண்ணியில கேசட் கடை போட்டிருந்தான். காலையில வழியில தங்கச்சி வீட்ல எறங்கிப் பாத்துட்டுச் சரக்கு எடுக்க வந்தவன், பஸ்ஸெல்லாம் நின்னுபோனதால மாட்டிக்கிட்டான்.

அவனுக்கு இருப்பே கொள்ளல. ஏன்னா கீழ்வேளூர் பக்கத்துல ஆத்தங்கரையை ஒட்டித்தான் இசைவாணி வீடு. மண் சுவரு, மேல ஓடு. புருஷன் பகலவன் மலேசியாவுல. புள்ளை குட்டி இல்ல, வீட்ல தனியாத்தான் இருந்தா. ஊருக்கே ஒரு போன்தான், ரேஷன் கடைக்காரர் வீட்ல. எஸ்.டி.டி. பூத்துல இருந்து செல்லதுரை போட்டுப் போட்டுப் பாத்தான். லைன் செத்துக் கெடந்துச்சு.

“காலையில கெளம்பயில என்னண்ணே சொல்லிட்டு வந்தீங்க?”ன்னு ஃபாஜில் கேட்டான்.

“தண்ணி வாசப்படியைத் தொட்டா பள்ளிக்கூடத்துக்குப் போயிடு, எனக்காகக் காத்திருக்காதன்னு சொன்னேன் தம்பி. சரிண்ணேன்னா. சொன்ன பேச்சைக் கேப்பா.”

“அப்புறம் என்னப்பா? அது போயிருக்கும். மேட்டுல இருக்க பள்ளிக்கூடம், கல்லுக்கட்டடம்”னாரு மீரா சாகிப். “ஃபாஜிலு, அந்தக் கேசட்டைப் போடு. தங்கச்சி குரலைக் கேட்டா இவனுக்கு மனசு ஆறும்.”

நல்ல மனசோடதான் சொன்னாரு மனுஷன். பாவம்.

ஃபாஜில் ‘பி’ சைடைப் போட்டான். கடையில இருந்தது பெரிய டெக்கு. கரண்டுல மட்டும் ஓடுறது. கதவு தொறந்து கெடந்ததால லைட்டு போடல.

பாட்டு ஓட ஓட எப்பவும் போல வாய்ச்சண்டை ஆரம்பிச்சுச்சு. இந்த நாடகத்தைக் கேக்க உக்காந்தா அந்தச் சண்டை இல்லாம இருக்காது.

“எனக்கு இந்த அங்கம்மாவைக் கண்டாலே ஆத்திரமா வரும்”னாரு மீரா சாகிப். “தண்ணி இடுப்புக்கு வந்தாச்சு. பலகையை விட்டுட்டு ஏறி ஓட வேண்டியதுதானே? வர்றோம்னு சொன்னவன்லாம் வந்துருவானா?”

“அது எப்படி பாய் ஓடுவா? ஊரே சேந்து வாக்குக் குடுத்திருக்கே”ன்னான் செல்லதுரை.

“நாங்களும் ரூம்ல வாரா வாரம் குடுக்குறோம்யா வாக்கு. யாருய்யா வந்தோம்?”

“உங்க மேல தப்பில்ல பாய். ஆனா அவ மேலயும் தப்பில்ல. ஆளு வருதுன்னு காதால கேட்டவ எப்படிக் கெளம்புவா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க, எடம் வருது”ன்னான் ஃபாஜில்.

வந்துச்சு. ஆர்மோனியம் அடங்குச்சு. இசைவாணி குரல் தனியா எழுந்துச்சு.

“யாராச்சும் இருக்கீங்களா... வருவீங்களா...”

மூணு பேரும் ஒண்ணா, சிரிச்சுக்கிட்டே, “வர்றோம் தாயி!”ன்னாங்க. செல்லதுரைகூட லேசாச் சிரிச்சான்.

அடுத்து ஆர்மோனியம் வரணும். ஒரு மூச்சு விடுற நேரத்துல வந்துடும்.

வரல.

மழைச் சத்தம் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஃபாஜில் டேப்பு மாட்டிக்கிச்சோன்னு நினைச்சான். மாட்டுனா கரகரன்னு ஒரு இழுப்பு இருக்கும். அது இல்ல. அப்பதான் அவன் காதுல ஒண்ணு பட்டுச்சு.

அது உளுந்துச் சத்தம் இல்ல.

அந்தக் கேசட்டை அவன் எத்தனை காப்பி போட்டிருப்பான்! முறத்துல உளுந்து உருள்றது தூக்கத்துல கேட்டாலும் அவனுக்குத் தெரியும். இது அது இல்லைங்க. இது தண்ணி. நெசத் தண்ணி. எதையோ மோதி, அறுத்துக்கிட்டு ஓடுற தண்ணி. நடுவுல ஒரு மாடு கத்துச்சு. கட்டுத்தறியில மாட்டிக்கிட்ட மாடு கத்துற மாதிரி.

“இதுல ஏதுடா மாடு?”ன்னாரு மீரா சாகிப்.

ஃபாஜில் பதில் சொல்றதுக்குள்ள...

“யாராச்சும் இருக்கீங்களா...”

மறுபடியும் அதே குரல். ஆனா பாட்டு இல்ல. ராகம் இல்ல. தொண்டை கட்டிப்போயிருந்துச்சு. கத்திக் கத்திக் கட்டுன தொண்டை.

கேசட்ல அந்த வரி ஒரே தடவைதான் வரும். மூணு பேருக்கும் அது தெரியும்.

பழக்க தோஷம் பாருங்க. ஃபாஜில் வாயும் மீரா சாகிப் வாயும் தானாவே அசைஞ்சுச்சு.

“வர்றோம் தாயி...”

இந்தத் தடவை யாரும் சிரிக்கல.

தண்ணிச் சத்தம் கொஞ்சம் அடங்குன மாதிரி இருந்துச்சு. யாரோ காதைக் கொடுத்துக் கேக்குற மாதிரி. அப்புறம்...

“அண்ணே... நீயா? உன் குரலும் கேக்குதே...”

செல்லதுரை எழுந்துட்டான். ஸ்டூலு பின்னால விழுந்துச்சு.

“பாய்... நாடகத்துல அண்ணன் இல்ல பாய்...”

“அண்ணே, தண்ணி உள்ள வந்துடுச்சு. சுவரு மேல நிக்கிறேன். போயிடவா, இருக்கவா?”

யோசிக்க அவனுக்கு நேரம் ஏது? எந்த அண்ணனுக்குத்தான் இருக்கும்? ரெண்டு கையாலயும் டெக்கைப் புடிச்சுக்கிட்டு அலறிட்டான்.

“அங்கேயே இரும்மா! எங்கேயும் போவாத! வர்றேன்! தோ வர்றேன்!”

“சரிண்ணே.”

அவ்வளவுதான் சொன்னா. ரொம்ப நிம்மதியாச் சொன்னா.

ஃபாஜில் ஸ்டாப் பட்டனை அமுக்குனான். சத்தம் நிக்கல.

மறுபடி அமுக்குனான்.

நிக்கல.

டெக்கோட செவப்பு லைட்டைப் பாத்தான்.

எரியல.

கேசட் மூடியைத் தொறந்தான். ரெண்டு சக்கரமும் அசையாம நின்னுச்சு. டேப்பு ‘பி’ சைடோட ஆரம்பத்துலயே இருந்துச்சு. கொஞ்சம்கூட ஓடல.

தண்ணி மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த ஸ்பீக்கர்ல.

“குஞ்சிதபாதம்!” மீரா சாகிப் எதிர்த்த டீக்கடைக்காரரைப் பாத்துக் கத்துனாரு. “கரண்டு இருக்காய்யா?”

“கரண்டு போயி அரை மணி ஆவுது பாய்! தெருவுல எங்கேயும் இல்ல, நீங்க மூணு பேரும் உள்ள உக்காந்து யாருகிட்ட கத்திக்கிட்டிருக்கீங்க?”

ஃபாஜில் பிளக்கைப் புடுங்குனான்.

அப்பதான் நின்னுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை அவன் என்கிட்ட சொல்லும்போதெல்லாம் வேகமாச் சொல்லிடுவான். மீரா சாகிப்புக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருந்து காரைக் கெஞ்சி வாங்கிக்கிட்டு மூணு பேரும் கெளம்புனாங்க. சைலன்சர்ல தண்ணி ஏற ஏற, தள்ளித் தள்ளித் திருவாரூரைத் தாண்டினாங்க. கீழ்வேளூர் போறதுக்குள்ள ரோடு இல்ல. ரோடு இருந்த எடத்துல ஆறு ஓடுச்சு. தீயணைப்புக்காரங்க கயித்தைக் கட்டி மறிச்சு நின்னாங்க.

“ஒரே ஒரு பொம்பளைங்க. சுவரு மேல நிக்கிறா. வர்றேன்னு சொல்லிருக்கேங்க. என்னை மட்டுமாவது விடுங்க”ன்னு செல்லதுரை அவங்க கால்ல விழுந்தான்.

“யாரு சொன்னா உங்களுக்குச் சுவரு மேல நிக்கிறாங்கன்னு?”

என்னன்னு சொல்வான்? ஓடாத கேசட்ல கேட்டேன்னா சொல்வான்?

“படகு கேட்டிருக்கோம். வரல. இதுல எறங்குனா நீங்களும் திரும்ப மாட்டீங்க”ன்னு அந்த ஆளு சொன்னாரு. அவரும் நல்லாத்தான் பேசுனாரு. அவரு கண்ணும் கலங்கிப்போயிதான் இருந்துச்சு. செல்லதுரை குதிக்கப் போனான். இவங்க ரெண்டு பேரும் இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. அவன் கடிச்சான், உதைச்சான். விடல. விட்டிருக்கணுமோன்னு ஃபாஜில் இன்னிக்கும் கேப்பான்.

அப்புறம் செல்லதுரை போராடுறதை விட்டுட்டான். தண்ணியோரத்துல நின்னு “இசை... இசை...”ன்னு கூப்புட ஆரம்பிச்சான். அங்க இருந்து அவ வீடு ரெண்டு மூணு மைலு. கேக்காதுன்னு அவனுக்கும் தெரியும். கூப்புட்டுக்கிட்டே இருந்தான், குரல் போற வரைக்கும். மூணு ஆம்பளைங்க, கைகாலு நல்லா இருக்கு, கார் இருக்கு. ஒண்ணும் பண்ண முடியல. கரையில நின்னாங்க, நாடகத்துல வர்ற ஊர்க்காரனுங்க மாதிரியே.

தண்ணி வடிஞ்சு படகுல போய்ச் சேந்தப்ப மறுநாள் பொழுது சாயப்போவுது. ஊர்சனம் பூரா பள்ளிக்கூடத்துல இருந்துச்சு. எல்லாரும் இருந்தாங்க. அவ மட்டும் இல்ல. காலையிலதான் கருவேல மரத்துல ஒதுங்கிக் கெடந்தவளை எடுத்து, வராண்டாவுல போட்டுச் சேலையால மூடி வச்சிருந்தாங்க.

செல்லதுரை தங்கச்சி தலைமாட்டுல உக்காந்துட்டான். பக்கத்து வீட்டு அம்சம்தான் அழுதுக்கிட்டே சொன்னுச்சு. அம்பது வயசுப் பொம்பளை, நடவு வேலைக்குப் போறவ. இசைவாணின்னா அதுக்கு உசுரு.

“அவளும் எங்ககூடக் கெளம்புனவதான் தம்பி. அண்ணன் போவச் சொல்லிருக்குன்னு துணிமூட்டையெல்லாம் கட்டிட்டா. அதுக்குள்ள தண்ணி சுத்திக்கிச்சு. அவ பின்பக்கத்துச் சுவத்துல ஏறிக் கத்துனா. எங்க பயலுவ வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டி எடுத்துட்டுப் போனானுவ. நானும் அதுலதான் இருந்தேன். கையை நீட்டுனா தொட்டுடலாம், அவ்ளோ கிட்டக்கப் போயிட்டோம். ஏறுடின்னேன்.”

அம்சம் மூக்கைச் சிந்துச்சு.

“ஏறமாட்டேன்னுட்டா தம்பி.”

ஃபாஜில் மீரா சாகிப்பைத் திரும்பிப் பாத்தான்.

“‘இல்லக்கா, நீங்க புள்ளைக்காரிகளை ஏத்திக்கிட்டுப் போங்க’ங்கிறா. ‘அண்ணன் அங்கேயே இருன்னு சொல்லிடுச்சு. தோ வந்துக்கிட்டிருக்கு’ங்கிறா. எங்கடி உன் அண்ணன்னு திட்டுறேன். ‘கேக்கலையா உங்களுக்கு? இவ்ளோ நல்லாக் கேக்குதே’ங்கிறா. எங்க காதுல மழையைத் தவிர ஒண்ணும் விழல. புடிச்சு இழுத்தேன், கையை உருவிக்கிட்டா. சிரிச்சுக்கிட்டே உருவுறா தம்பி... தெப்பம் அந்தண்டை போயிட்டுத் திரும்புறதுக்குள்ள சுவரு விழுந்துடுச்சு.”

மீரா சாகிப் மெதுவாக் கேட்டாரு. “அவ வீட்ல... டேப்பு, ரேடியோ ஏதாச்சும் பாடிக்கிட்டிருந்துச்சாம்மா?”

“வீடே கரைஞ்சுபோச்சு, டேப்பு எங்கேருந்து பாடும்?”

அம்சம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, அப்பதான் பாக்குற மாதிரி இவங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. கோவமா இல்ல. தெரிஞ்சுக்கணும்னு பாத்துச்சு.

“அண்ணன் தனியா வரல, கூட ரெண்டு பேரு வர்றோம் வர்றோம்னு சொல்றாங்கன்னும் சொன்னாளே... அது நீங்கதானா தம்பி?”

ஃபாஜில் அடுத்த மாசமே குவைத்துக்குப் போயிட்டான். அங்க வெள்ளிக்கிழமை ரூம்ல அந்தக் கேசட்டைப் போட்டாங்கன்னா, அந்த எடம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து குளியலறைக்குப் போயி, கொழாயைத் தொறந்து விட்டுக்கிட்டு நிப்பானாம். செல்லதுரை இப்பவும் இருக்கான். அவங்க யாருமே அம்சம் கேட்ட அந்தக் கேள்விக்கு இன்னிவரைக்கும் பதில் சொல்லலைங்க.